மார்கழியில் வடக்கே போகும் செடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பணிமாறுதலில் டில்லி, சண்டிகர் பக்கம் குடிபெயரும் மதுரைக் குடும்பங்கள் பல, வீட்டுக்குள் வளர்த்த மணி பிளான்ட், அக்லோனிமா, ஆந்தூரியம் முதலிய செடிகளையும் உடன் எடுத்துச் செல்கின்றன. டிசம்பர், ஜனவரியில் அப்படிப் போகும் செடிகள், போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே பட்டுப்போவதுண்டு. வழியில் தண்ணீர் காணாததுதான் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காரணம் குளிரே.

இவை வெப்பமண்டலக் காடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. பனி உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை. 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலே இலைகளின் உயிரணுச் சவ்வுகள் பழுதடைந்து நீர் கசியத் தொடங்கிவிடும். அக்லோனிமா 12, 13 டிகிரியைக்கூட நெடுநேரம் தாங்காது. இறக்கிவைக்கும்போது பச்சையாகவே இருக்கும் இலை, ஓரிரு நாள் கழித்து வெந்நீரில் முக்கியெடுத்த கீரையைப் போல நீர்கோத்து, பின்னர் கறுத்துத் தொங்கும். வாடிவிட்டதே என்று அப்போது மேலும் தண்ணீர் ஊற்றினால் வேரும் அழுகிவிடும்.

மதுரையில் ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்க, டில்லியில் அது சராசரியாக 7 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவதும் அங்கே அக்காலத்தில் வழக்கம். பார்சலில் போட்ட செடி, திறந்த நடைமேடையில் ஓரிரவு கிடந்தாலே போதும், கட்டியதெல்லாம் வீண். எனவே, நாம் அமரும் பெட்டியிலேயே, சன்னலை ஒட்டாமல் கொண்டுபோவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. காரில் செல்வோர், இரவு தங்குமிடத்தில் செடிகளை வண்டியிலேயே விட்டுவிடாமல் அறைக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட்டால், மண் சொதசொதவென்று இல்லாமல் இலேசான ஈரத்துடன் இருக்கும். செடியைப் பழைய செய்தித்தாளால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி அட்டைப்பெட்டியில் நிறுத்தினால், தாள்களுக்கிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். பாலித்தீனை இலைமேல் நேரடியாகச் சுற்றுவது தவறு. உள்ளே வியர்த்து, ஈரம் இலையிலேயே தங்கிவிடும். கொய்யா, வாழைப்பழம் போன்ற பழுத்த பழங்களை அதே பெட்டியில் வைக்கவே கூடாது. அவை வெளியிடும் எத்திலீன் வாயு இலைகளை உதிர்த்துவிடும். பெரிய தொட்டியைத் தூக்கிச் சுமப்பதைவிட, மணி பிளான்டாக இருந்தால் கணுவுள்ள துண்டுகளை ஈரத் தேங்காய் நாரில் பொதிந்து கொண்டுபோவது எவ்வளவோ மேல்.

போய்ச் சேர்ந்த அன்றே பிரித்து, வெளிச்சம் உள்ள, ஆனால் ஹீட்டரின் அனல் படாத இடத்தில் வைக்க வேண்டும். உரமும் தொட்டி மாற்றமும் சில வாரங்களுக்கு வேண்டாம்.

செடி வாங்குவோர் வெளியூருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னால், எந்தச் செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்குமாறு மதுரை நர்சரி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வல்லுநர்களின் விளக்கத்தைப் பெற்று, மார்கழி பிறக்குமுன் தங்கள் நாளிதழில் வெளியிட்டு உதவுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருநகர், மதுரை.