ஒரு நாளில் நான்கு இடம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் இங்கிலாந்தைப் பற்றி வந்த கட்டுரை, லண்டனில் காலையில் சுற்றுலாப் பேருந்து ஏறினால் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியின் ஹிட்கோட், சீசின்கோட், பிராட்வே கோபுரம், சூட்லி கோட்டை நான்கையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்கிறது. வரைபடத்தில் நான்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சீசின்கோட் தோட்டம் வாரத்தில் சில நாட்கள், அதுவும் பிற்பகலில் மட்டும் திறப்பது. சூட்லியில் மாலை ஆவதற்குள் நுழைவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். போக வர சாலையிலேயே ஐந்து மணி நேரம் கழியும். மிச்சமிருக்கும் நேரத்தில் வாகன நிறுத்துமிடங்களை வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதே இடங்களை ஐந்து நாட்களில் நடந்து பார்க்கலாம். பெரும்பாலான நாட்களில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் இங்கிலாந்து போகும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர். ஊரில் தினமும் ஒரு மணி நேரம் காலை நடை போகிறவர்களுக்கு, முழங்கால் பெரிய தொந்தரவு கொடுக்காதவரை, இது எட்டக்கூடிய நடைதான்.

அங்கே நடப்பது எளிதாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். தனியார் வயல், மேய்ச்சல் நிலம், மாளிகைப் பூங்கா எதுவானாலும் அதன் வழியே பழைய பொதுப் பாதை போனால், அதில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. 1949-ல் வந்த சட்டம் இந்தப் பாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் குறிக்க வைத்தது. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் மிதிவண்டியும் வரும். கருவாலி (ஓக்) மரக் கொட்டை முத்திரை, சிப்பிங் கேம்டனில் தொடங்கி பாத் நகர் வரை 164 கிலோமீட்டர் ஓடும் காட்ஸ்வோல்ட் வே என்ற நடைபாதையின் அடையாளம். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களில் 'எக்ஸ்ப்ளோரர்' வரிசையை வாங்க வேண்டும். அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் ஓஎல் 45 என்ற தாள் போதும். பச்சைக் கோடுகள்தான் உரிமையுள்ள பாதைகள். கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று காட்டுமே தவிர, அதில் நடக்க உரிமை உண்டு என்று சொல்லாது. இதைக் கவனிக்காதவர்கள்தான் யாரோ ஒருவருடைய கொல்லைப்புறத்தில் போய் நிற்கிறார்கள். பள்ளத்தாக்குகளில் செல்பேசி அலைவரிசை போய்விடும், ஆகவே காகித வரைபடம் கையில் இருக்கட்டும்.

முதல் நாளுக்கு மோர்ட்டன்-இன்-மார்ஷ் நல்ல இடம். லண்டன் பேடிங்டனிலிருந்து நேர் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அங்கிருந்து போர்ட்டன்-ஆன்-த-ஹில் ஏறி, ஆடுகள் மேயும் பூங்கா வழியாக சீசின்கோட் மாளிகையைக் கடந்து, லாங்பரோ கிராமம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த மாளிகையைத் தங்கள் கட்டுரை "இந்திய பாணிக் கட்டடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தமிழ் வாசகர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்து பணம் சேர்த்த சார்ல்ஸ் காக்கரெல், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் சகோதரரும் கட்டடக் கலைஞருமான சாமுவேல் பெப்பிஸ் காக்கரெலைக் கொண்டு கட்டியது அது. மேலே செம்புக் குவிமாடம், பச்சை பிடித்துப்போய் நிற்கிறது. தோட்டத்தில் சூரியன் கோயில், நந்திகள் உட்கார்ந்த பாலம், பாம்பு சுற்றிய ஊற்றுத்தூண் எல்லாம் உண்டு. இந்தத் தோட்ட அலங்காரங்களுக்குத் துணை நின்றவர் ஓவியர் தாமஸ் டேனியல். அவர்தான் தன் சகோதரர் மகன் வில்லியமுடன் 1792-ல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரை நாயக்கர் மஹால் ஆகியவற்றை நேரில் பார்த்து வரைந்தவர். குவிமாடம் முகலாயம், நந்தி நம்மூர் வழக்கம், கல் காட்ஸ்வோல்ட்ஸ் சுண்ணாம்புக்கல்! பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர் இங்கே வந்து பார்த்த பிறகுதான் பிரைட்டன் அரண்மனைக்கு இந்திய உருவம் வந்தது.

பூங்காவில் நடக்கச் சீட்டு வேண்டாம், தோட்டத்துக்குள் போகத்தான் வேண்டும். பாலத்தின் அடியில் ஓடையின் நடுவே படிக்கற்கள் போட்டிருக்கிறார்கள். ஈரத்தில் அவை வழுக்கும், கைத்தடி உள்ளவர்கள் கரையோடு போவது மேல். காலையில் போர்ட்டனை முடித்துக்கொண்டு இரண்டு மணி வாக்கில் தோட்டத்தை அடையும்படி புறப்பட்டால் சரியாக இருக்கும்.

இரண்டாம் நாள் பேருந்தில் சிப்பிங் கேம்டன் போய் அங்கே இரண்டு இரவு தங்குவது நல்லது. கோடை வார இறுதிகளில் பல விடுதிகள் ஒரே இரவுக்கு அறை கொடுப்பதில்லை என்பதோடு, பையைச் சுமக்காமல் நடக்கவும் அது வசதி. ஊரிலிருந்து வயல்கள் வழியாக ஹிட்கோட் ஆறு கிலோமீட்டர் இருக்கும். 1907-ல் அந்தப் பண்ணையை வாங்கியவர் கெர்ட்ரூட் வின்த்ரப் என்ற அமெரிக்கப் பெண்மணி. தோட்டத்தை உருவாக்கியவர் அவர் மகன் லாரன்ஸ் ஜான்ஸ்டன். இடமோ குன்றின் மேல், எந்நேரமும் காற்று. மதில் கட்டினால் காற்று அதன் மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடிகளை முறித்துவிடும். வேலி என்றால் காற்று அதற்குள் புகுந்து வேகம் குறைந்து வெளியே வரும். அதனால்தான் யூ, ஹாலி, ஹார்ன்பீம், பீச் என்று மரங்களையே வேலியாக வளர்த்து, தோட்டத்தைச் சிறுசிறு அறைகளாக்கினார் ஜான்ஸ்டன். ஓர் அறையில் முழுக்கச் சிவப்புப் பூக்கள், இன்னொன்றில் ஒரு குளம் மட்டும். 1948-ல் இது பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம் வந்தது. முன்பின் தெரியாமல் நுழைகிறவர்கள் எல்லா அறைகளையும் ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு, கடைசியில் நீள்நடை என்ற புல்வெளிக்கு வந்துசேர்ந்து மூச்சு வாங்குவார்கள். முதலில் நீள்நடையின் கோடிவரை போய்விட்டு, அங்கிருந்து ஒவ்வோர் அறையாகத் திரும்பி வருவது நல்லது. காலை முதல் மணியில் கூட்டமும் குறைவு.

கிஃப்ட்ஸ்கேட் கோர்ட், சாலைக்கு அந்தப் பக்கம். ஹெதர் மியூர், அவர் மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்கள் கையில் வளர்ந்த தோட்டம். சரிவின் விளிம்பில் இருப்பதால் கீழ்த்தோட்டம் குளிர் தட்டாமல் கதகதப்பாக இருக்கும், இறங்கும் பாதை செங்குத்து. இதன் பெயரைத் தாங்கிய வெள்ளை ரோஜாக்கொடி ஒரு பெரிய மரத்தையே மூடிக்கொண்டிருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அது பூக்கும் காலம். பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் திறக்கிறார்கள், வாரத்தில் சில நாட்கள் விடுமுறை. ஆகவே காலையில் ஹிட்கோட், மதியம் கிஃப்ட்ஸ்கேட் என்ற வரிசையை மாற்றிப் பயனில்லை. நேஷனல் டிரஸ்ட் அட்டை ஹிட்கோட்டில் செல்லும். கிஃப்ட்ஸ்கேட், சீசின்கோட், சூட்லி மூன்றும் தனியார் சொத்து, அங்கே தனிக் கட்டணம்.

மூன்றாம் நாள், கேம்டனிலிருந்து பிராட்வே வரை பத்து கிலோமீட்டர். இங்கேதான் பலர் நேரக் கணக்கில் தவறுகிறார்கள். மலையேறிகளின் பழைய கணக்குப்படி சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், நூறு மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் கூடுதல். வாயில் திறந்து மூடி, படமெடுத்து, உட்கார்ந்து எழுந்து போகிற நடைக்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் நியாயம். 250 மீட்டர் ஏற்றத்தைச் சேர்த்தால் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது, சாப்பாடு தனி. முதல் ஏற்றம் டோவர்ஸ் ஹில். 1612 வாக்கில் ராபர்ட் டோவர் தொடங்கிய விளையாட்டு விழா மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் இன்னும் நடக்கிறது. கால்சட்டைக்குள் வைக்கோலை அடைத்துக்கொண்டு ஒருவர் கணைக்காலை ஒருவர் உதைப்பது அதில் ஒரு போட்டி. அந்த வாரம் கேம்டனில் அறை கிடைப்பது அரிது.

பிராட்வே கோபுரம் கோட்டைபோலத் தெரிந்தாலும் அதில் போர் எதுவும் நடந்ததில்லை. 312 மீட்டர் உயரக் குன்றில் கவென்ட்ரி பிரபுவுக்காக ஜேம்ஸ் வயட் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடிவமைத்த அழகுக் கோபுரம். அதற்குப் பிறகு வரும் இறக்கம்தான் அன்றைக்குக் கடினமான பகுதி. இரண்டு கிலோமீட்டருக்குள் இருநூறு மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். நடைக்கோலை ஐந்து சென்டிமீட்டர் நீட்டி, எட்டுகளைச் சிறிதாக வைத்து, புல்வெளியில் குறுக்கும் நெடுக்குமாக இறங்கினால் முழங்கால் தப்பும். காலணிக் கயிற்றை இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் பாதம் முன்னே சறுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும்.

நான்காம் நாள் பிராட்வேயிலிருந்து வின்ச்கம் வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மென்மையான நடை என்று கேட்டு வந்தவர்களுக்கு இது அதிகம். பாதியில் நிறுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஸ்டான்டன், ஸ்டான்வே கிராமங்கள் வரை பத்து கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து டாடிங்டன் நிலையத்துக்குப் போனால் பழைய நீராவி ரயிலில் வின்ச்கம் போகலாம். தொண்டர்கள் நடத்தும் ரயில் என்பதால் எல்லா நாளும் ஓடாது. வின்ச்கம் நிலையமும் ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. டாடிங்டனுக்குப் போகும் சாலையில் எதிரே வண்டி வரும் வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். இந்தக் கிராமங்கள் ஒரே மட்டத்தில் வரிசையாக அமைந்ததற்குக் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. மேலே சுண்ணாம்புக்கல், கீழே களிமண், இரண்டும் சேரும் இடத்தில் ஊற்று. அதே களிமண்தான் மழைக்கு மறுநாள் காலணியில் அப்பிக்கொண்டு ஆளைக் கீழே இழுக்கும். மழை பெய்திருந்தால் அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்லிக்கு ஒரு முழுநாள் வேண்டும், வின்ச்கம் ஊரிலிருந்து இருபது நிமிட நடைதான். எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார், மன்னர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டு இங்கே வாழ்ந்து, 1548-ல் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்தார். கல்லறை வளாகத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு கோட்டையைப் பயன்படாதபடி இடித்துவிட்டார்கள். கையுறை வணிகத்தில் செழித்த டென்ட் சகோதரர்கள் 1837-ல் வாங்கிச் சீர்செய்யும் வரை அது பாழாகக் கிடந்தது. ராணிகள் தோட்டத்து ரோஜாக்களுக்கு ஜூன் நடுப்பகுதிதான் உச்சம்.

வழியில் உள்ள தொந்தரவுகளில் கட்டுரை மழையை மட்டும் சொல்கிறது. அதைவிடக் காலை நேரத்து ஈரப்புல் மோசம், வெயில் நாளிலும் முழங்கால் வரை நனைத்துவிடும். பருத்திக் கால்சட்டை காய மணிக்கணக்காகும். புடவைக்கும் வேட்டிக்கும் வேலித் தாண்டுபடிகள் ஒத்துவராது, சீக்கிரம் காயும் துணியில் கால்சட்டையோ சல்வாரோ போதும். குன்றின் மேல் குடை திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைச்சட்டையே உதவும். புதுக் காலணியோடு விமானம் ஏறாதீர்கள். ஊரிலேயே மூன்று வாரம் போட்டுப் பழக்குங்கள். பாதத்தில் ஓரிடம் சூடாவது தெரிந்த உடனே நின்று ஒட்டுத்துணி போட வேண்டும், கொப்புளம் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது. நம்மூர் மாடுகளைப்போல் மனிதர்கள் நடுவிலேயே வளர்ந்தவை அல்ல. பாதையை விட்டு விலகிச் சுற்றிப் போவதில் தவறில்லை, ஓடுவதுதான் தவறு. வாயில் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட வேண்டும். உயர்ந்த புல்லில் நடந்த நாள் மாலையில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் பாருங்கள். இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவதும் நெருப்பு காட்டுவதும் கூடாது. பிறகு சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். ஜூனில் புல் மகரந்தம் அதிகம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஏமாறுவது நம்மவர்கள்தான். கிராமத்துப் பப்களின் சமையலறை பல இடங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கே மூடிவிடும், பிறகு ஆறு மணிக்குத்தான் திறக்கும். தேநீர்க் கடைகள் மாலை ஐந்துக்குள் சாத்திவிடும். சைவம் கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் அதை அறை பதியும்போதே எழுதிவிடுங்கள், காலையில் மேசையில் உட்கார்ந்து சொன்னால் ரொட்டியும் காளானும்தான் மிஞ்சும்.

திட்டமிடும்போது அறையைவிடத் தோட்டங்களின் நாட்களை முதலில் பார்க்க வேண்டும். சீசின்கோட் திறக்கும் நாளை முதல் நாளாக வைத்து, மறுநாள் கிஃப்ட்ஸ்கேட் திறந்திருக்கிறதா, நான்காம் நாள் நீராவி ரயில் ஓடுகிறதா என்று சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மூன்றும் பொருந்தாவிட்டால் கேம்டனில் ஓர் இரவு கூட்டிக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைகள் உண்டு, பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் பெட்டி விடுதி வாசலில் இருக்க வேண்டும். திரும்பும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் வின்ச்கம்மிலிருந்து செல்ட்டனம் ரயில் நிலையத்துக்குப் பேருந்தை நம்பாமல், முந்தைய நாளே வாடகைக் கார் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி