மெடிசேவ் வரம்பு சீக்கிரம் தீர்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் நன்மைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. சம்பளத்தின் ஒரு பகுதியை மருத்துவச் செலவுக்காகச் சேமித்துவைக்கும் மெடிசேவ் கணக்கை அது எப்படிப் பாதிக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

முன்பெல்லாம் நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மெடிசேவைப் பயன்படுத்தினால், கட்டணத்தில் 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். திட்டத்தில் சேர்ந்தவர்கள் தாங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்தில் (கிளினிக்கில்) இப்போது அதைக் கட்டத் தேவையில்லை. நல்ல காரியம். 15 வெள்ளி என்பது என் அம்மாவைப் போன்றவர்களுக்குப் பெரிய தொகை. ஆனால், 100 வெள்ளிக் கட்டணத்துக்கு முன்பு கணக்கிலிருந்து போனது 85 வெள்ளி. இப்போது முழு 100 வெள்ளியும் போகிறது. இத்தகைய சிகிச்சைக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்பும் அவ்வளவு சீக்கிரம் தீர்கிறது. ஆண்டுக் கடைசியில் கவுன்டரில், "ஆன்ட்டி, மெடிசேவ் லிமிட் முடிஞ்சிருச்சு" என்று சொல்லும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபின் சந்தாவும் இதே கணக்கிலிருந்துதான் கழிகிறது. காலமெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்ட இல்லத்தரசிகளின் கணக்கில் அப்புறம் என்ன மிஞ்சும்? கணவர் அல்லது பிள்ளைகளின் மெடிசேவைத்தான் கேட்டு நிற்க வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கணக்கிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ள ஃபிளெக்சி மெடிசேவ் இருக்கிறது, சரி. அதை எத்தனை மருந்தகங்கள் தாமாகவே எடுத்துச் சொல்கின்றன?

ரொக்கப் பங்கை நீக்கிய சுகாதார அமைச்சு, அதற்கேற்ப ஆண்டு வரம்பையும் உயர்த்த வேண்டும். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை ஒவ்வொரு ரசீதிலும் தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லட்டும்.

வாசகி,
உட்லண்ட்ஸ்