மோதிர விரலில் நின்றுபோன கோடு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்று மூன்று தடவை முயன்றேன். உன் அம்மா காதில் விழும்படி சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும். எழுதி முடித்ததும் கடைப் பையனிடம் சொல்லிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் பக்கம் ஒன்று, ஓவியர் கையால் வரைந்த அசல், லண்டனில் ஏலத்துக்கு வருகிறது, 1,200 பவுண்டுக்குள் முடிந்தால் அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடை வாசலில் போய் நின்றேன். எதிர்க்கடைச் சீனர் என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு நின்றிருக்கிறேன் போல.

சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-இல் போட்ட முதல் புத்தகமே அவன் கதைதான். எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அது வந்து சேர இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று. சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போய் வந்த தோட்ட ஆபீஸ் கிராணியார் வீட்டுப் பையன் ஒரு கட்டு கொண்டுவந்தான். லயத்து வீடுகளில் ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பேர். என் முறை வரும்போது அட்டையும் இருக்காது, கடைசிப் பக்கமும் இருக்காது. கரண்ட் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியுமே, அதை ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டுச் சுவரில் கரித்துண்டால் போட்டுப் போட்டுத்தான் எனக்குக் கை வந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் அடியும் வாங்கினேன்.

அதை வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்று இந்த வயதில் நீ சொல்லித்தான் தெரிகிறது. 1962-இல் லண்டனில் வேலியன்ட் வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிறுவர் பத்திரிகைகளில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. 1977-இல் வந்த 2000 ஏடி பத்திரிகைதான் அதை மாற்றியது. வரைந்த பக்கத்தை ஓவியருக்குத் திருப்பித் தருவதும் அபூர்வம், பதிப்பகமே வைத்துக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டு நீ அனுப்பிய படத்தின் வலது கீழ் மூலையைப் பார். பெரிதாக ஒரு கையெழுத்து. அதைக் காட்டித்தான் விலை ஏற்றுகிறார்கள். எனக்கு அதைக் கண்டதும்தான் வயிற்றைக் கலக்கியது. பின்னாளில் ரசிகர் யாராவது கேட்டுப் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்பாய். சரி, அப்படியே இருக்கட்டும். கையெழுத்தை விடு, கோட்டைப் பார்.

மூன்றாவது கட்டத்தில் இரும்புக் கை கதவுப்பிடியைப் பிடிக்கிறது அல்லவா? அந்த மோதிர விரலைப் பெரிதாக்கிப் பார். நடு மூட்டில் கோடு நின்று, ஒரு மயிரிழை தள்ளி மறுபடி தொடங்குகிறது. பிரஷ்ஷில் மை தொட்டு வரைகிறவன் விரலின் வளைவை ஒரே மூச்சில் இழுப்பான். மெலிதாகத் தொடங்கி, வளைவில் தடித்து, நுனியில் கரைந்து போகும். தப்பிப் போனால் போகட்டும், வெள்ளைப் பெயின்ட் இருக்கிறது. அச்சான படத்தை அடியில் வைத்துப் பார்த்துப் போடுகிறவன் அப்படி இழுக்கமாட்டான். அவன் கண் அடியில் தெரியும் கோட்டின் மேல், கை மேலே உள்ள தாளில். கோட்டை விட்டு விலகிவிடுவோமோ என்ற பயம் ஒவ்வொரு அங்குலத்திலும் இருக்கும். அதனால் தடிமன் ஒரே மாதிரி வரும். வளைவு பாதியில் நின்று மூச்சு வாங்கும்.

இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேனே, எப்படி என்று கேட்கிறாயா? நானே அப்படி வரைந்திருக்கிறேன் பாப்பா.

1991. நீ கைக்குழந்தை. கோலாலம்பூரிலிருந்து காரில் ஒருவர் வந்தார். கையில் ஓர் அமெரிக்க காமிக்ஸ் புத்தகம். ஒரு பக்கத்தைக் காட்டி இதை ஒன்றரை மடங்காகப் பெரிதாக்கி இந்தியன் இங்க்கில் அப்படியே போட்டுத் தர முடியுமா என்றார். சாப்பாட்டுக் கடைக்கு ஒரு பலகை எழுதினால் 30 வெள்ளி கிடைத்த நேரம், அவர் பக்கத்துக்கு 80 வெள்ளி கொடுத்தார். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஜன்னல் கண்ணாடியை வைத்து, அடியில் 60 வாட் பல்பைப் போட்டு, இரவில் உட்கார்ந்து போட்டேன். முதல் இரண்டு பக்கமும் வீட்டில் மாட்டி வைப்பதற்காக என்றுதான் நினைத்தேன். மூன்றாவது பக்கத்துக்கு வந்தபோது மூலையில் ஒரு பெயரைக் காட்டி அதையும் போடச் சொன்னார். காய்ந்ததும் தேநீரில் நனைத்துத் தரச் சொன்னார். அப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் போட்டேன். 240 வெள்ளி. பால்மாவு வாங்கத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதில் பாதி நம் பழைய ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளுக்குப் போயிற்று. அந்த மூன்று பக்கமும் இன்று எந்தச் சுவரில் தொங்குகிறதோ, எவன் சேமிப்பைத் தின்றதோ.

அதனால் இனி நான் சொல்வதைத் திருடனே பூட்டுப் பற்றிச் சொல்கிறான் என்று கேட்டுக்கொள்.

பார்த்துப் போடுகிறவனுக்கு அச்சான புத்தகம்தான் கதி. வேலியன்ட் மாதிரிப் பத்திரிகைகள் மட்டமான தாளில் அச்சானவை. நெருக்கமாகப் போட்ட நிழல்கோடுகள் மை ஊறி ஒட்டிக்கொண்டு, அச்சில் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். அசலைப் பார்த்தால் அந்த இடத்தில் கோடு கோடாகத் தெரியும், நடுவே வெள்ளை மூச்சுவிடும். உன் படத்தில் மாயாவி போட்டிருக்கும் மேலங்கிக்கு அடியில் உள்ள நிழல் முழுக்கக் கறுப்பு. அச்சின் குறையை அப்படியே பக்தியோடு வரைந்திருக்கிறான்.

அடுத்தது வசனக் குமிழ். ஸ்பெயினிலிருந்து வந்த படத்தில் ஆங்கில எழுத்தை லண்டனில்தான் சேர்ப்பார்கள். பெரும்பாலும் தனித் தாளில் எழுதி வெட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய தாள் 60 வருஷத்தில் மஞ்சளாகும், ஓரம் தூக்கும், சில இடத்தில் உதிர்ந்தும் போகும். உதிர்ந்த இடத்தில் ஓவியர் போட்ட சுவரும் தொப்பியும் தெரியும். உன் படத்தில் குமிழ் அட்டையிலேயே வரைந்திருக்கிறது. தொப்பி குமிழின் விளிம்போடு கத்தரித்தாற்போல் நிற்கிறது.

ஒட்டுகிற பசையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்து லண்டன் ஸ்டூடியோக்களில் கவ் கம் என்று டப்பாவில் வரும் ஒரு பசை. ரப்பரைக் கரைத்துச் செய்வது. நாளானால் பழுப்பாகிக் கறை பிடிக்கும், அசலுக்கு அந்தக் கறையே ஒரு சாட்சி. அப்போது மலாயாவிலிருந்து எவ்வளவு ரப்பர் அங்கே போயிற்று! உன் பாட்டி விடியற்காலை நாலரைக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய பால் இரும்புக்கை மாயாவியின் வசனத்துக்கு அடியில் காய்ந்து கிடக்கலாம். கிழவியிடம் சொன்னால் 'அதுக்கும் சம்பளத்தில் பிடித்தார்களா' என்று கேட்டிருப்பாள்.

தேநீர்க் கறையைக் கண்டுபிடிப்பது எளிது. வயதான தாள் வெளிச்சமும் காற்றும் பட்ட ஓரத்திலிருந்து மஞ்சளாகும், மூடியிருந்த இடம் வெளுப்பாகவே இருக்கும். தேநீரில் நனைத்தது முன்னும் பின்னும் ஒரே நிறம், நார் தடித்து மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பணம் மாற்றும் கடையில் கள்ளநோட்டுப் பார்க்கிறார்களே, அந்த ஊதா விளக்கையும் பிடித்துப் பார்க்கலாம். 1950 வாக்கில்தான் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் கலக்கத் தொடங்கினார்கள். 1930-களின் படம் என்று சொல்லும் தாள் அந்த விளக்கில் நீலமாக ஜொலித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஆனால் உன்னுடையது 60-களின் பக்கம். ஜொலித்தாலும் ஜொலிக்காவிட்டாலும் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் இந்த விளக்கை நம்பி இறங்காதே.

அளவையும் கேள். அசலை அச்சை விடப் பெரிதாகப் போட்டுத்தான் சுருக்குவார்கள். அமெரிக்காவில் 1967 வாக்கு வரை இரு மடங்கு, அப்புறம்தான் 11க்கு 17 அங்குல அட்டைக்கு வந்தார்கள். அச்சான அளவிலேயே 'அசல்' வந்தால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

அங்கே ஏலத்துக்கு முன்னால் பொருளைப் போய்ப் பார்க்க ஒரு நாள் விடுவார்கள் என்றாயே, போ. பூதக்கண்ணாடியும் ஒரு டார்ச் லைட்டும் கொண்டு போ. டார்ச்சைப் பக்கவாட்டில் தாளோடு படுக்கவைத்து அடி. பிரஷ்ஷால் நிரப்பிய கறுப்பில் மேடு பள்ளம் தெரியும், மார்க்கர் பேனா என்றால் கோடு கோடாகப் பட்டை தெரியும், மிஷினில் அச்செடுத்தது என்றால் கண்ணாடியில் புள்ளி தெரியும். பென்சில் கோடு அடியில் இருக்கிறதா, ஓவியர் ஒரு தலையை முதலில் வேறு மாதிரிப் போட்டு மாற்றியிருக்கிறாரா என்று தேடு. பார்த்துப் போடுகிறவன் மனம் மாறவே மாட்டான், அவனுக்கு விடை முதலிலேயே தெரியும். பிறகு பின்பக்கம். முத்திரை, இதழ் தேதி, பக்க எண், யாரோ கிறுக்கிய கணக்கு, ஏதாவது இருக்க வேண்டும். நான் போட்ட மூன்றுக்கும் முதுகு சுத்தமாக இருந்தது. எங்களுக்கு முதுகைப் பற்றி யோசனையே வரவில்லை.

விவரப் புத்தகத்தில் 'பிளாஸ்கோ வரைந்தது' என்று இருக்கிறதா, 'பிளாஸ்கோவுடையதாகக் கருதப்படுவது' என்று இருக்கிறதா, 'பிளாஸ்கோவைப் பின்பற்றி' என்று இருக்கிறதா? மூன்றும் மூன்று விலை. கடைசிச் சொல்லுக்கு என் மாதிரி ஆள் போட்டது என்று பொருள். இந்தப் பக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுத்தில் கேள். பழைய ஏலப் பட்டியல்களிலும் தேடிப் பார். ஒரே பக்கம் இரண்டு பேரிடம் இருக்க முடியாது. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரருக்கு நூற்றுக்கு 20, 25 என்று போகும். உன் 1,200 உண்மையில் 1,500.

இவ்வளவு கள்ளம் ஏன் என்றால் காசு அப்படி. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஸ்பைடர்மேனின் ஒரே ஒரு பக்கம், 1984-இல் மைக் செக் வரைந்தது, 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. நம் காசுக்கு ஏறக்குறைய 14 மில்லியன் வெள்ளி. அதற்கு முந்தைய வருஷம் பாரிஸில் டின்டின் காமிக்ஸ் புத்தகத்துக்காக ஓவியர் ஹெர்ஜே 1936-இல் போட்ட அட்டைப்படம் 30 லட்சம் யூரோவைத் தாண்டியது. அச்சடிக்கச் செலவாகும் என்று ஒதுக்கிய படம் அது. பதிப்பாளர் வீட்டுப் பையனிடம் கொடுக்க, அவன் மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான் என்று சொல்கிறார்கள். மடிப்புத் தடம் இன்னும் அதில் இருக்கிறது. நான் அதைக் கள்ளமாகப் போட்டிருந்தால் மடிக்க மனம் வந்திருக்குமா என்று யோசித்தேன். வந்திருக்காது.

வியாழக்கிழமை இரவு ஏலம் என்றாய், இங்கே வெள்ளி விடியற்காலை. விழித்திருப்பேன். அதற்குள் அட்டையின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல், வந்ததும் எனக்குத் தள்ளிவிடு. நான் சொன்னது தப்பாகவும் இருக்கலாம், செல்போன் படத்தை வைத்துத்தானே பேசுகிறேன். வாங்கக் கூடாது என்று முடிவானால் அந்தக் காசில் டிக்கெட் எடுத்துத் தீபாவளிக்கு வா.

மூன்று பக்கத்தின் கதையை உன் அம்மாவிடம் நீ சொல்லாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா