பொய் சொல்லா மாணிக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 17 மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார் பிறந்த நாள். அதே மாதம் 25 அவர் மறைந்த நாள். 1917-இல் மேலைச்சிவபுரியில் பிறந்து 1989-இல் மறைந்த அப்பெருமகனாரைத் தமிழ் இமயம் என்றும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்றும் மேடைகளில் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் காரைக்குடி அழகப்பா கல்லூரியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நெடுங்காலம் பாடம் சொன்ன பேராசிரியர் என்ற நினைவு அந்தப் பட்டங்களின் பின்னே மங்கி வருவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

நான் அவரிடம் பயின்றவன் அல்லன். அவரிடம் பயின்றவரிடம் பயின்றவன். எங்கள் ஆசிரியர் ஒரு பாட்டின் எண்ணை நினைவிலிருந்து சொல்ல நேர்ந்தால், வகுப்பு முடிவதற்குள் நூலைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே செல்வார். எதற்கு இவ்வளவு என்று ஒருமுறை கேட்டபோது, வட்டிக்கடையில் பணப்பெட்டியருகே இருந்து உதவும் பெட்டியடிப் பையனாக இருந்த மாணிக்கனாரிடம் படித்தவன் கணக்கைத் தவறவிடலாமா என்று கேட்டார்.

நகரத்தார் வீடுகளில் இக்கதை தெரியாதவர் குறைவு. இளமையிலேயே பெற்றோரை இழந்த மாணிக்கம் பதினொரு வயதளவில் ரங்கூனுக்குச் சென்று வட்டிக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லையென்று சொல்லுமாறு பணிக்கப்பட்டபோது, இருப்பவரை இல்லையென்று சொல்ல அவர் மறுத்துவிட்டார். அதனால் வேலை போயிற்று. பொய் சொல்லா மாணிக்கம் என்ற பெயர் நிலைத்தது. ஊர் திரும்பிய அந்த இளைஞர் பண்டிதமணி மு. கதிரேசனாரை அடைந்து தமிழ் கற்றார். கடல் கடந்து பொருள் ஈட்டும் வழி அடைபட்டதால் தமிழுக்கு ஒரு பேராசிரியர் கிடைத்தார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அந்த வாய்மையே அவருடைய ஆராய்ச்சியிலும் இருக்கிறது. ‘தமிழ்க் காதல்’ நூலில், சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை அகத்தைப் பாடுவன என்று பொதுப்படச் சொல்லி நிறுத்தாமல், 2381 பாடல்களுள் 1862 பாடல்கள் அகத்திணைக்குரியவை என எண்ணிக் காட்டிய பிறகே கருத்துக்கு வருகிறார். இன்று கணினியின் துணையோடு செய்யும் வேலையை, ஏட்டில் வரவு செலவு பார்ப்பதுபோல ஒவ்வொரு பாட்டாகப் பார்த்துச் செய்த உழைப்பு அது. இன்றைய மாணவர்கள் தேர்வுக் கையேட்டில் அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பின்னிருந்த ஆசிரியரை அறிவதில்லை.

எனவே காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் ஏப்ரல் 17 அன்று பொன்னாடையும் வாழ்த்துரையும் குறைத்து, மாணவர்களைக் கொண்டே அந்நூலின் ஒரு பகுதியை உரக்கப் படிக்கச் செய்து, அதன்மேல் அவர்களைக் கேள்வி கேட்க விடுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன். எங்கள் ஆசிரியர் பணி ஓய்வின்போது எனக்களித்த அந்நூலின் படி ஒன்று கைவசம் உள்ளது. முதுகுத் துணி விட்டுப்போன அந்நூலின் ஓரங்களில், தாமும் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்ததற்கு அடையாளமாக, ஐந்தைந்தாக அவர் இட்ட பென்சில் கோடுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. விரும்பும் கல்லூரிக்கு அதை நானே கொண்டு வந்து தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காரைக்குடி.