பழைய புடவை, நான்கு மடிப்பு

அன்புள்ள செல்வி,

நலம்தானே? உடனே பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்கு வயிற்றுப்போக்கு. ஒரு ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு, ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். விடியும்போது கண்ணில் ஈரம் திரும்பியது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

1971-ல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலிப் மகலனாபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலராவிலிருந்து மக்களைக் காப்பாற்றினார் என்று பயிற்சியில் படித்தோமே, அன்றிரவு அதுதான் நினைப்பு.

காலரா என்றால் சாக்கடை என்றுதானே நாம் படித்தோம்? ஆனால் அந்தக் கிருமி கடல் முகத்துவாரங்களில் இயல்பாகவே வாழ்வது. கோபிபாட் என்ற மிகச் சிறிய நீர்ப்பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடல் சூடாகி நுண்பாசி பெருகினால், அதைத் தின்னும் பூச்சி பெருகும், கூடவே கிருமியும். 2014 கோடையில் பால்டிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானபோது, ஸ்வீடனிலும் பின்லாந்திலும் இதே குடும்பத்துக் கிருமிகள் பலரைத் தாக்கின. அவ்வளவு குளிர்ந்த நாடுகளில்!

அமெரிக்க நுண்ணுயிர் விஞ்ஞானி ரீட்டா கோல்வெல்லும் குழுவினரும் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள். கிருமி ஒட்டிய பூச்சி துணியிலேயே தங்கிவிட, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புதுப் புடவையைவிடப் பழையதுதான் நல்லதாம். துவைக்கத் துவைக்க இழை தளர்ந்து, நெசவின் துளைகள் சின்னதாகிவிடுகின்றன. என் அம்மா குடத்தில் வெள்ளைத்துணி கட்டிய கை அப்படியே கண் முன்னால் வந்தது.

ஆனால் துணி மட்டும் போதாது. தனியாக மிதக்கும் கிருமி அதில் நிற்காது. எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் வராமல், நான்காம் நாள் கலங்கலாக வந்தது. குழாய் காலியாகக் கிடக்கும்போது விரிசல் வழியே வெளி அழுக்கை உள்ளே இழுத்துவிடும். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் குளோரினும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பிளீச்சிங் பவுடரும் வெக்கையில் வீரியம் இழக்கும்.

உன் மேல்தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினாய்? மாப்பிள்ளையிடம் சொல்லி இந்த வாரமே கழுவ வை. குடிக்கிற தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கட்டும்.

அப்புறம், சித்திரையில் வருகிறேன் என்றாயே, தேதி எழுது.

உன்,
கமலா