ஜிம்மி ஹீத்தைப் பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

ஃபிளஷிங், நியூயார்க்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "இனிமேல் யாரிடமும் என்னைச் சாக்ஸபோன் கலைஞர் என்று சொல்லிவைக்காதீர்கள் அப்பா. நான் பள்ளிக்கூடத்தில் பேண்ட் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாய். போனில் பதில் சொல்லப் போனால் பாதியில் குரல் கம்மிவிடும் என்று தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் வருத்தத்தில் என் பங்கும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடையில் நீ வந்திருந்தபோது பிள்ளையார் கோயில் கேண்டீனில் நம் நண்பர் ஒருவர் உன்னைப் பற்றி விசாரித்தார். "முன்பெல்லாம் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தாள், இப்போது கிளீவ்லாந்தில் டீச்சர் வேலைதான்" என்று சொன்னேன். நீ எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தாய். பிட்ட துண்டைச் சட்னியில் தொடாமலே தட்டில் வைத்துவிட்டாய். அந்த 'தான்' உன்னை எங்கே போய்த் தைத்தது என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. தவறு என்னுடையது, கண்ணு. மன்னித்துக்கொள்.

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜிம்மி ஹீத்தைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். உனக்குத் தெரியாத ஆளில்லை. பதினைந்து வயதில் அவர் பெயரை எனக்குச் சொன்னதே நீதான். 2020 ஜனவரி 19 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் அவர் தம்முடைய 93ஆம் வயதில் காலமானபோது, அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாய். ஆனால் நீ எப்போதும் அவருடைய டெனர் சாக்ஸபோன் ஒலியைப் பற்றியே பேசியிருக்கிறாய். நான் இந்தப் பத்து நாளும் அவர் வாழ்க்கையை வருட வரிசையில் திரும்பப் படித்துப் பார்த்தேன். வாசிப்பது, எழுதுவது, சொல்லிக்கொடுப்பது என்று மூன்று தனி வேலைகளாக நீ பிரித்து வைத்திருப்பவற்றை அவரிடம் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் 1926 அக்டோபர் 25 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். அப்பா கார் மெக்கானிக், வாரக் கடைசியில் கிளாரினெட் வாசிப்பவர். அம்மா தேவாலயத்தில் பாடுபவர். அண்ணன் பெர்ஸி பின்னாளில் மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற குழுவின் பாஸ் கலைஞரானார். தம்பி ஆல்பர்ட் டிரம்ஸுக்குப் போனார். ஜிம்மிக்குப் பதினான்கு வயதில் ஒரு ஆல்டோ சாக்ஸபோன் கிடைத்தது. இருபது வயது நிரம்புவதற்குள் நாட் டவுல்ஸின் பேண்டோடு ஒமாஹாவை மையமாக வைத்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 1946இல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பித் தாமே ஒரு பெரிய பேண்டை அமைத்தார். அதன் சாக்ஸபோன் வரிசையில் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஜான் கோல்ட்ரேனும் பென்னி கோல்ஸனும் இருந்தார்கள். அப்போது மூவருமே உள்ளூர்ப் பையன்கள், அவ்வளவே. பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு பேண்ட் வாயால் சொல்லி நடக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் வேண்டும், அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். ஹீத் அரேஞ்சரானது இப்படித்தான். வாசிப்பு போதவில்லை என்று எழுத்துக்குப் போனவரில்லை அவர். வாசிக்க வேண்டுமென்றே எழுதியவர்.

1947இல் அந்த பேண்ட் ஒரு நிதி உதவிக் கச்சேரியில் வாசித்தபோது ஆல்டோ மேதை சார்லி பார்க்கர் மேடையேறி, ஹீத்தின் ஆல்டோவை வாங்கி வாசித்தார். அந்தப் படத்தை உன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாயே, நினைவிருக்கிறதா? பார்க்கர் வாசித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் கோல்ட்ரேன் கையிலிருக்கும் சிகரெட் எரிந்துபோவதுகூடத் தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஹீத்தைக் 'குட்டி பேர்ட்' என்று அழைத்தார்கள். பார்க்கரின் பட்டப்பெயர் பேர்ட். ஹீத் உயரம் குறைந்தவர், பார்க்கரைப் போலவே வாசித்தவர். எத்தனை பெரிய புகழ்ச்சியாக இருந்தாலும் இன்னொருவரின் குட்டியாக இருக்க அவருக்கு மனமில்லை. ஆல்டோவைக் கீழே வைத்துவிட்டு, அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் டெனரை எடுத்தார். பழகிய விரலும் பழகிய மூச்சும் கொண்ட வாத்தியத்தை இருபது வயதுக்குச் சற்று மேலே மாற்றிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

அந்த நாட்களைப் பற்றி நான் படித்ததில் மனதில் ஒட்டிக்கொண்டது வேறொன்று. ஹீத்தும் கோல்ட்ரேனும் ஃபிலடெல்ஃபியாவின் பொது நூலகத்துக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைத்தட்டுகளைக் கேட்பார்களாம். இரண்டு கறுப்பின இளைஞர்கள், கையில் காசில்லை. ஊர்ப் பணத்தில் வாங்கிவைத்த தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுப் பாடம் படித்தார்கள். பின்னாளில் இலவச வகுப்பு நடத்தியபோது ஹீத்துக்கு அந்த நூலக மேசை நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1949இல் இருவரும் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியின் பேண்டில் சேர்ந்தார்கள். 1953இல் இன்னொரு டிரம்பெட் கலைஞரான மைல்ஸ் டேவிஸ், ஹீத்தின் 'சி.டி.ஏ.' என்ற உருப்படியைப் பதிவு செய்தபோது டெனர் வாசித்தவரும் ஹீத்தே. அவ்வளவு உயரத்தில் இருந்தவரை ஹெராயின் பிடித்தது. 1955இலிருந்து 1959 வரை பெரும்பாலான காலம் லூயிஸ்பர்க் சிறை. இதை உன்னிடம் மூடி மறைக்கவோ பெரிதுபடுத்தவோ நான் விரும்பவில்லை. நான் நின்று பார்த்தது, அந்த நாலரை ஆண்டில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான். சிறை பேண்டை நடத்தினார், அதற்கு எழுதினார். வெளியே மேடை இல்லை, கிளப் இல்லை, பெயரில்லை. 1956இல் லாஸ் ஏஞ்சலிஸில் செட் பேக்கரும் ஆர்ட் பெப்பரும் சேர்ந்து ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்தபோது, அதிலிருந்த உருப்படிகளில் பெரும்பகுதி ஹீத்துடையவை. எழுதியவர் கம்பிக்குள் இருந்தார். எழுதியது கண்டத்தின் மறுகரையில் ஒலித்தது. எழுத்து இல்லாதிருந்தால் அந்த ஆண்டுகள் அவருடைய இசையில் வெறும் பள்ளமாக இருந்திருக்கும்.

1959இல் விடுதலையானதும் மைல்ஸ் டேவிஸின் குழுவில் கோல்ட்ரேனின் இடத்துக்கு அழைப்பு வந்தது. எந்த சாக்ஸபோன் கலைஞருக்கும் அதற்கு மேல் ஒரு வாய்ப்பு அன்று இல்லை. சில கச்சேரிகள் வாசித்தார். பிறகு, ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றிய எல்லைக்கு வெளியே போகக் கூடாது என்ற பரோல் நிபந்தனை கழுத்தைப் பிடித்தது. ஊர்விட்டு ஊர் போகும் குழுவில் எல்லை கட்டிய ஆளுக்கு இடமில்லை. நீ போன ஆண்டு எழுதினாயே, எதிர்பார்த்திருந்த குழு கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிற்று என்று. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஹீத் அழுதாரா என்று தெரியாது. அதே ஆண்டு ரிவர்சைடு நிறுவனத்தில் தம் பெயரில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார் என்பது தெரியும். அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்துக்காகப் பத்துப் பேரை வைத்து இன்னொன்று. நாட் ஆடர்லியின் கார்னெட்டுக்குப் பின்னால் ஐந்து சாக்ஸபோன்கள் நின்ற இசைத்தட்டிலும் அரேஞ்ச்மெண்டில் அவர் கை உண்டு. ஐவரில் ஒருவராக அவரே வாசித்தும் இருக்கிறார்.

அந்த ஐந்து சாக்ஸபோன் சங்கதியை அன்றைக்கு விசாரித்த அதே நண்பருக்குப் போன வெள்ளிக்கிழமை கேண்டீனில் விளக்கினேன். நீ எனக்குச் சொல்லித்தந்ததைத்தான் ஒரு காகித நாப்கினில் எழுதிக் காட்டினேன். நம் சென்னை நாட்களில் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத் ஒருவரே. நண்பருக்கும் எனக்கும் தெரிந்த சுருதிக் கணக்கு கட்டைதான். "எல்லாருடைய தாளிலும் ஒரே 'சி' என்று எழுதிக் கொடுத்தால் ஆல்டோவில் இரண்டரைக் கட்டை கேட்கும், டெனரில் ஆறரைக் கட்டை கேட்கும், பாரிடோன் மறுபடியும் இரண்டரைதான், ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து பேரும் ஒன்றாகப் பேச வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் வேறுவேறாக எழுத வேண்டும். மேலே முதல் ஆல்டோ பாட்டைப் பாடும்போது மற்றவர்கள் அதற்குக் கீழே நெருக்கி நின்று ஒரே மூச்சில் போக வேண்டும், யார் எங்கே மூச்சு விடுவது என்பதுகூடத் தாளில் இருக்கும்" என்றேன். அவர் நாப்கினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் உங்கள் மகள் எழுதுகிறாளா?" என்று கேட்டார். "எழுதுகிறாள், வாசிக்கிறாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்" என்றேன்.

ஹீத் 1960களில் நம் பக்கம் குடிவந்தார். ஏழாம் நம்பர் ரயிலில் இங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் கொரோனாவில், டோரி மில்லர் கூட்டுறவு வீடுகளில்தான் அவரும் டிரம்பெட் கலைஞர் கிளார்க் டெர்ரியும் ஆடர்லி சகோதரர்களும் இருந்தார்கள். மைல்ஸ் டேவிஸ் 1966இல் 'ஜிஞ்சர்பிரெட் பாய்' என்ற அவருடைய உருப்படியைப் பதிவு செய்தது அந்தக் காலத்தில்தான். ஆனால் ஜாஸ் கிளப்புகளில் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. வாத்தியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத நிலை. ஏற்கெனவே பெயர்பெற்ற அரேஞ்சராக இருந்தும் ருடால்ஃப் ஷ்ராம் என்ற ஆசிரியரிடம் இசைக்கோப்புப் படிக்க மாணவராகப் போய் உட்கார்ந்தார். இன்னொரு பக்கம் ஹார்லெமில் ஜாஸ்மொபைல் என்ற அமைப்பு நடத்திய இலவச வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1975இல் அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து ஹீத் பிரதர்ஸ் என்ற குழுவைத் தொடங்கி ஊர்களைச் சுற்றினார்கள்.

1987இல், அறுபது வயதில், கிஸ்ஸேனா பொலிவார்டில் இருக்கும் குவீன்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். 1998 வரை அங்கே இருந்தார். உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தச் சாலையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். தோளில் டெனர் பெட்டியோடு அவர் எதிரே வந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அதை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது.

ஒன்றை நீ நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார். 1946இல் அவர் அமைத்த பெரிய பேண்ட் ஒரு இசைத்தட்டுகூட விட்டுச் செல்லவில்லை. அதன் பிறகு பெரிய பேண்டுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ஆனாலும் முழு அளவிலான பேண்டை வைத்துத் தம் பெயரில் பதிவு செய்தது 1992இல்தான். இருபது வயதுப் பையனின் ஆசை அறுபத்தைந்து வயதில், வகுப்பறைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நிறைவேறியது. அவர் அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் ஆல்டோ கலைஞர் அன்டோனியோ ஹார்ட்டும் ஒருவர்; பின்னாளில் ஹார்ட்டும் அதே கல்லூரியில் ஆசிரியரானார். ஓய்வுபெற்ற பிறகு 2003இல் நாட்டின் மிக உயர்ந்த ஜாஸ் விருதான ஜாஸ் மாஸ்டர் கௌரவம் வந்தது, 2010இல் சுயசரிதை வந்தது. தொண்ணூறு தாண்டியும் வாசித்தார். கடைசிப் பதிவு அவர் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு வெளிவந்தது. இதில் எந்த ஆண்டில் அவர் சாக்ஸபோன் கலைஞராக இல்லாமல் போனார் என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

உன் பள்ளி பேண்டுக்காக நீ எழுதியிருக்கும் அரேஞ்ச்மெண்டின் நகலைக் கடிதத்தோடு வைத்திருந்தாய். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கங்களைப் பரப்பி வைத்து மூன்று நாள் பார்த்தேன். இரண்டாம் டெனர் தாளில் ஐந்தே ஸ்வரங்கள்தான் வருகின்றன. அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் "இவனுக்கு இதற்கு மேல் விரல் இன்னும் எட்டாது" என்று எழுதி, பிறகு அழித்திருக்கிறாய்; வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. கீபோர்டில் ஒரு விரலால் தட்டிப் பார்த்தேன். மற்ற நான்கு பேரின் வரிகளும் நகரும்போது அந்தப் பையனின் ஐந்து ஸ்வரங்கள் நடுவில் நின்று எல்லாவற்றையும் தாங்குகின்றன. அவை இல்லாவிட்டால் ஒன்பதாவது தாளக் கட்டத்தில் பாட்டு பொத்தென்று விழுந்துவிடுகிறது. எடுத்துவிட்டும் தட்டிப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு இது தெரியுமா? ஒரு நாள் மற்றவர்களை மட்டும் வாசிக்கச் சொல்லி, அவனை உட்காரவைத்துக் கேட்கச் செய்.

உன் பழைய ஆல்டோ இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து துடைத்து வைத்தேன். கீழ்ப்பக்கம் துளையை மூடும் பேட் ஒன்று கிழிந்திருக்கிறது, பழுதுபார்க்கக் கொடுக்கப்போகிறேன். பிள்ளைகளுக்கு ரீட் போதவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வாரம் தபாலில் வரும். வசந்தகாலக் கச்சேரி என்றைக்கு என்று எழுது. அம்மாவும் நானும் முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிடுகிறோம், ஒத்திகையையும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா