துளை போடுகிறவன் மகளுக்கு

அம்மிணி,

சௌக்கியமா? இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆத்தாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் போட்டு நீவி விடுகிறோம். சூலூர் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். மண்டபம் கிடைத்த கதை பெரிய கதை. சரி, அது அப்புறம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதம். அம்மா மூன்று முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பாத்திரம் கழுவுகிற சத்தம் உனக்குத் தெரியுமே.

போன செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டபோது இங்கே காலை எட்டு மணி, அங்கே ஜப்பானில் பதினொன்றரை. லேபில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. காக்காயும் கத்தியது. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். லேபில் கூலண்ட் ஓடும் போலிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அந்த வேஃபர், நீ துளை வரிசை போடுகிற லேசர் தகடு, என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

போன முறை லீவில் வந்தபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்குப் படம் போட்டுக் காட்டினாயே, அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். டிரில் சார்ட்டோடு சேர்த்துத்தான். காற்றில் அலை நீளம் 940 நானோமீட்டர் இருக்கிற லேசர் ஒளி, உங்கள் தகடான காலியம் ஆர்சனைடுக்குள் போனால் சுமார் 280 ஆகச் சுருங்கிவிடும், அதே 280 இடைவெளியில் வரிசையாகத் துளை என்றாய். நான் அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். ஒரு தௌவை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை, தொண்ணூறு பங்காக்கினால் ஒரு பங்கு. முப்பது வருஷம் டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றவன் நான். அரை தௌ பிசகாமல் போட்டால் அன்றைக்கு டீயோடு பன்னும் சேர்த்து வாங்கிக்கொள்வேன். என் மகள் தௌவில் தொண்ணூறில் ஒரு பங்குக்குத் துளை வரிசை போடுகிறாள் என்று கணபதி டீக்கடையில் சொன்னால், ஏன் கதை விடுகிறீர்கள் என்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, துளை போட்டு ஒளியை நிறுத்துவது. நாங்கள் துளை போடுவது போல்ட்டு போக, தண்ணீர் போக. நீங்கள் போடுவது போகாமல் இருக்க. ஒவ்வொரு வரிசையிலும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், இடைவெளி அலைக்குச் சரியாக அமைந்தால் திரும்பியதெல்லாம் ஒன்றுசேரும், பக்கவாட்டில் தப்ப வழியில்லாமல் பரப்பு முழுக்கச் சுற்றி, கடைசியில் நேராக மேலே கிளம்பும் என்றாய். சாதாரண லேசர் டயோடிலிருந்து வரும் ஒளி விசிறி மாதிரி விரியும், லென்ஸ் வைத்துத்தான் கூட்ட வேண்டும். இதில் லென்ஸே வேண்டாம் என்றாய். ஒரு துளை போதாதா, ஏன் பக்கத்தில் இன்னொன்று என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சிரிக்கவில்லை. பரப்பு பெரிதாகப் பெரிதாக ஒளி பல தினுசாக ஆடி, கற்றை சிதறிப்போகும். கால் அலை தள்ளி இன்னொரு துளை வைத்தால், ஒன்றிலிருந்து திரும்புவதன் மேடு மற்றதிலிருந்து திரும்புவதன் பள்ளத்தில் விழுந்து அடங்கும், பிடி கொஞ்சம் தளரும், வேண்டாத ஆட்டமெல்லாம் ஓரத்தில் வழிந்துபோய் ஒன்றே ஒன்று நிற்கும் என்றாய். பிடியைத் தளர்த்தினால்தான் நிற்கும் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

2023-ல் உன் கியோட்டோவில், சூசுமு நோடாவின் குழு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் இப்படி ஒன்று செய்து 50 வாட் எடுத்தார்கள் என்று நீ அனுப்பிய படத்தை எல்லோருக்கும் காட்டினேன். விரிவு 0.05 டிகிரி. பத்து மீட்டர் போனாலும் ஒரு சென்டிமீட்டர்கூட அகலம் கூடாது. அதுவே எஃகுத் தகட்டை வெட்டியதாம். மூன்று மில்லிமீட்டர்! நம் பட்டறையில் அந்த அளவில் வாஷர் கிடந்தால் பெருக்கித் தள்ளிவிடுவோம்.

படிப்பில் உன்னை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் இவ்வளவு படித்தவளுக்கு இரண்டு நிமிஷம் அம்மாவோடு பேச முடியவில்லையா? வேண்டாம், இதை எழுத உட்காரவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு. கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்று உருண்டையை மட்டும் தின்று நாளை ஓட்டாதே.

அமெரிக்க விஞ்ஞானி யாப்லோனோவிச் கதையை நீதான் சொன்னாய், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் எங்கள் ஜாதி, துளைக்காரர். 1987-ல் இப்படி ஒளியை நிறுத்தும் யோசனையை எழுதினார். 1989-ல் எந்தத் திசையிலும் அலையை விடாத கட்டி கிடைத்துவிட்டது என்று எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், இல்லை, ஒரு மூலையில் அடைப்பு முழுசாக இல்லை என்று காட்டிவிட்டார்கள். உலகம் பூராவும் படிக்கிற பத்திரிகையில். அந்த மனுஷன் மறுபடி டிரில்லுக்கே போனார். 1991-ல் ஒவ்வொரு புள்ளியிலும் நேர்க்குத்திலிருந்து 35 டிகிரி சாய்த்து மூன்று துளை, ஒன்றுக்கொன்று 120 டிகிரி. கட்டியில் முக்கால் பங்குக்கு மேல் தூளாகப் போய்விட்டது. மீந்தது மைக்ரோவேவ் அலையை எந்தப் பக்கமும் விடவில்லை. சாய்ந்த பரப்பில் பிட் வழுக்கும், அம்மிணி. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதலில் போட்டது ரிஜெக்ட் ஆன பிறகு இரண்டாவது முறை கிளாம்ப் பண்ணுவது அதைவிடக் கஷ்டம். அதுவும் தெரியும்.

நான் இரண்டாவது முறை போடவில்லை. அதைத்தான் எழுத வந்தேன் போலிருக்கிறது.

2012-ல் பட்டறை மூடியது கரண்ட் கட்டால் என்று உங்களிடம் சொன்னேன். நீ அப்போது பிளஸ் டூ. கரண்ட் கட்டும் உண்மைதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் போனது, எத்தனையோ பட்டறை அதில்தான் போனது. ஆனால் நம்முடையது அதற்கு முன்னாலேயே போய்விட்டது. நானூறு ஃபிளாஞ்ச் ஜாப் வந்தது. பிட்டை நேராகப் பிடிக்கிற ஜிக் புஷ் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். கரண்ட் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று மாற்றாமல் ஓட்டினேன். நானூறும் சென்டர் விட்டுப் போய் அப்படியே திரும்பி வந்தது. பட்டறையில் வேலைக்கு இருந்த பையன் தப்பாகப் பிடித்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவன் அழுதான். கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம் மூன்று மாதம் தினமும் எட்டரைக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேனே, பட்டறைக்குப் போகவில்லை. சிங்காநல்லூர் குளத்து மேட்டில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா போன் பண்ணினால், மெஷின் ஓடுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன். தயிர்சாதம் இறங்காது. அங்கே ஒரு செவலை நாய் இருந்தது, அதற்குப் போட்டுவிட்டு, மீதி வைத்தால் கேட்பாள் என்று டப்பாவைக் குளத்தில் கழுவி எடுத்து வருவேன். ஒரு நாள், ஏன் டப்பாவில் பாசி வாசம் அடிக்கிறது என்று கேட்டாள். பட்டறை டேங்க் தண்ணீர் என்றேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மூன்று மாதத்தில் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. கேள்வி கேட்காமல்.

அந்தப் பையன் இப்போது அரசூரில் சொந்தமாக இரண்டு மெஷின் போட்டிருக்கிறான். போன வாரம் போய்ப் பார்த்தேன். என்ன பேசினோம் என்பதை நேரில் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நீ வா என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் இல்லை.

சித்தி பின்னிய கம்பளிக் குல்லாயை இதோடு தனிப் பார்சலில் அனுப்புகிறேன். ஆற்றோரம் காற்று அதிகமாக இருக்கும். உட்காருவதானால் காதை மூடிக்கொண்டு உட்கார்.

அப்பா